வகுப்புப் படத்தில் நான் இறக்கிய மூடுபனி

படம் திருத்தும் மென்பொருளில், படத்தின் மேல் கண்ணாடித்தாள் போலப் போடும் லேயரின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு முறை சொடுக்கினால் ஒரு பெட்டி திறக்கும். அந்தப் பெட்டியின் அடியில், அவசரத்தில் யாருடைய கண்ணும் போகாத இடத்தில், கறுப்பிலிருந்து வெள்ளை வரை நீளும் இரண்டு பட்டைகள் இருக்கும். அவற்றை ஒரு முறைகூடத் தொடாமல் வேலை செய்து ஓய்வு பெற்ற பலரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள். நான் செய்த சேதத்தில் கால்வாசிகூட அவர்கள் செய்ததில்லை.

படம் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் கற்றுத்தர ஒரு சொடுக்கும் மிச்சமில்லை. நான் ஒரு நாள் முழுக்கச் செய்ததை நீங்கள் தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்துவிடுகிறீர்கள். ஆனால் அந்தப் பட்டைகளை வைத்து ஒரு மனிதன் எவ்வளவு தூரம் மடையனாகலாம் என்பதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. அதை மட்டும் சொல்கிறேன்.

அப்போது ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு இருக்கும். பிலிமைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறி ஒன்றிரண்டு வருடங்கள்தான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கியதும் எங்கள் படப்பிடிப்பாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய் வகுப்புப் படங்களை எடுத்து வருவார்கள். திருத்துவதற்கு இருந்தவன் நான் ஒருவன். எனக்கு மேலே கம்பெனியை நடத்திய பெண்மணி. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிலிம் கழுவும் இருட்டறையில் கழித்தவர். அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஒரு பாராட்டு வாங்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் எனக்கு ஒரு நோய் மாதிரி இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் மழை விடவில்லை. எல்லாப் படங்களிலும் ஈரமான தார், ஈரமான ஊசியிலை மரங்கள், பிள்ளைகளின் கருநீல மழைச்சட்டைகள். முகங்களைத் தவிர எல்லாம் கரி அப்பியது போலக் கிடந்தது. நான் அந்தப் பட்டைகளைக் கண்டுபிடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கண்டுபிடித்தேன் என்று சொல்வது அதிகம். பெட்டியைத் தவறுதலாகத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் இழுத்துப் பார்த்தேன்.

விஷயம் எளிமையானது. படத்துக்கு மேல் வேறொரு லேயரைப் போடுகிறீர்கள். கீழே படம் எங்கே இருட்டோ அங்கே மட்டும் அந்த லேயர் தெரியட்டும், எங்கே வெளிச்சமோ அங்கே தானாக மறையட்டும் என்று பட்டையை இழுத்துச் சொல்லிவிடலாம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் பட்டையிலுள்ள சின்ன முக்கோணம் இரண்டாகப் பிரியும். அப்போது தெரிவதும் மறைவதும் கத்தரித்தது போல் இல்லாமல் மெல்ல மெல்ல நடக்கும். முகத்தைச் சுற்றி ஒவ்வொரு மயிராக வெட்டி எடுக்கும் வேலை இல்லை.

நான் என்ன செய்தேன் என்றால், வெளிர்நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயரை மேலே போட்டு, இருட்டில் மட்டும் தெரியும்படி இழுத்துவிட்டேன். கரி பிடித்த மரங்களின் மேல் காலை மூடுபனி இறங்கியது. தார் வெள்ளி மாதிரி மினுங்கியது. முகங்களை அது தொடவேயில்லை. என் கையால் ஒரு கோடு வரையாமல், மென்பொருளே முகம் எது, மரம் எது என்று தெரிந்துகொண்டது போல இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த நாள், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் வாங்கி இரண்டு மாதமாக உடுத்தாமல் வைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மனைவி கேட்டதற்கு, “இண்டைக்கு ஒரு முக்கியமான விஷயம் காட்டப் போறன்” என்றேன்.

முதலாளிப் பெண்மணி திரையை நீண்ட நேரம் பார்த்தார். “அழகாக இருக்கிறது” என்றார். பிறகு, “எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்துவிட்டாயா?” என்று கேட்டார்.

“பார்த்துவிட்டேன்” என்றேன்.

மூன்று வகுப்புகளில் பார்த்திருந்தேன். மூன்றும் நகரத்தின் மேற்குப் பக்கத்துப் பள்ளிகள். அவை முதலில் எடுக்கப்பட்டதால் அடுக்கில் மேலே கிடந்தன, அவ்வளவுதான். எல்லாப் படிகளையும் ஒரே கட்டளையாகப் பதிந்து, அத்தனை பள்ளிகளின் படங்கள் மேலும் ஓட விட்டுவிட்டு, பாணும் பழுப்புச் சீஸும் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. அந்த மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

அச்சடித்தார்கள். பாதிப் பள்ளிகளுக்குப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. கம்பெனியில் பார்த்தவர்கள் எல்லாரும் மூடுபனியைத்தான் பார்த்தார்கள் போல.

ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளி என் மேசைக்கு வந்தார். “உன் ஊர்க்காரர் ஒருவர் முன்னால் வந்து நிற்கிறார். கோபமாக இருக்கிறார் என்று நினைக்கிறேன். நீ வந்து கதைத்தால் நல்லது.”

வரவேற்பு மேசைக்கு முன்னால் ஒரு பெண் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். முதியோர் இல்ல வேலையுடுப்புக்கு மேல் குளிர்ச்சட்டை. நெற்றியில் சின்னப் பொட்டு. கையில் எங்கள் கம்பெனியின் உறை.

“வணக்கம் தங்கச்சி, என்ன பிரச்சினை?” என்றேன், ஊர்ப் பெரியவர் தோரணையில்.

“நீங்கள் இஞ்சையோ வேலை?”

“ஓம்.”

“அப்ப இதைப் பாருங்கோ.” உறையிலிருந்து வகுப்புப் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். “நாங்கள் ரொம்சோஸ் பள்ளிக்கூடம். ரெண்டாவது வரிசையில நிக்கிறது என்ர மகள் ஆரணி. ஏழு வயசு. முகத்தில விபூதியை அள்ளிப் பூசிவிட்ட மாதிரி இருக்கு. என்ன இது?”

நான் வேதக்காரன், கத்தோலிக்கன். எனக்கு விபூதிப் புதன் அன்று கோயிலில் வரிசையில் நிற்கும் முகங்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் அவர்களுக்கு நெற்றியில் மட்டும்தான் சாம்பல். இந்தப் பிள்ளைக்கு முகம், கழுத்து, கை எல்லாம் நீலச் சாம்பல். பக்கத்தில் நின்ற பொன்முடிப் பிள்ளைகள் அப்போதுதான் முகம் கழுவி வந்தது போலப் பளிச்சென்று நின்றார்கள்.

எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. என் மூடுபனிக்கு மரமும் தெரியாது, முகமும் தெரியாது. இருட்டும் வெளிச்சமும்தான் தெரியும்.

“என்ன சொல்கிறார்?” என்று முதலாளி பக்கத்திலிருந்து கேட்டார்.

“படம் கொஞ்சம் இருட்டாக இருக்கிறதாம்” என்றேன் நோர்வீஜிய மொழியில்.

அந்தப் பெண் தொடர்ந்தார். “நேற்றுப் படத்தைக் கொண்டுவந்து மேசையில வைச்சிட்டுக் கேக்கிறாள், அம்மா, அண்டைக்கு எனக்கு வருத்தமோ, காய்ச்சலோ எண்டு. இல்லையே எண்டனான். அப்ப ஏன் நான் இப்பிடி இருக்கிறன் எண்டு கேக்கிறாள். இண்டைக்குப் பள்ளிக்குப் போக மாட்டன் எண்டு நிண்டவள். நான் என்ன சொல்ல?”

“இப்போது என்ன சொல்கிறார்?”

“பிள்ளைக்குப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம்.”

அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, நோர்வீஜிய மொழியில், “இவர் சொல்வது நான் சொன்னது இல்லை” என்றார். விபூதியில் தொடங்கி பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தது வரை, ஒரு சொல் விடாமல், நிதானமாக, என்னைவிடப் பத்து மடங்கு நல்ல நோர்வீஜிய மொழியில் சொல்லி முடித்தார். இத்தனை வருடங்கள் கழித்தும், மொழிபெயர்ப்பாளர் யாரையாவது கண்டால் என் காது சுடுகிறது.

முதலாளியின் முகம் சிவந்தது. “உங்களிடம் நேரே கேட்டிருக்க வேண்டும். மன்னியுங்கள்” என்றார்.

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு மறுபடி என்னிடம் தமிழில் வந்தார். “இதை ஆர் செய்தது?”

அந்த இடத்தில் ‘நான்’ என்று சொல்லியிருக்கலாம். தமிழில் அதைவிடச் சின்னச் சொல் எத்தனை இருக்கிறது? நான் சொன்னது: “அது கம்ப்யூட்டரால வந்த பிழை, தங்கச்சி.”

“கம்ப்யூட்டர் தானாத் தேடிப் பிடிச்சு என்ர பிள்ளைக்குப் பூசினதோ?”

“பத்து நிமிஷம் இருங்கோ. திருத்திக்கொண்டு வாறன்.”

உள்ளே ஓடினேன். படத்தைத் திறந்தேன். இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மூடுபனி லேயரை அணைத்துவிட்டு மூலப் படத்தைப் பார்ப்பீர்கள். நான் அப்படிச் செய்யவில்லை. என் மூடுபனியை விட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மேல் இன்னொரு லேயரைப் போட்டு, அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் வெளிச்சமாக்கினேன். ஆக்கிக்கொண்டே போனேன். சனி, ஞாயிறுகளில் நான் எங்கள் ஆட்களின் கல்யாணப் படங்களும், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுப் படங்களும் திருத்திக் கொடுப்பதுண்டு. அங்கே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “கொஞ்சம் நிறம் கூட்டி விடுங்கோ.” கை அந்தப் பழக்கத்தில் போனது. ஒரு தாயின் மனத்தைக் குளிரவைக்கிறேன் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அச்சடித்த படத்தைச் சூடு ஆறுமுன் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

“இது ஆர்?” என்றார்.

“ஆரணி.”

“இல்லை. ஆரணி என்னை மாதிரி. இது வேற ஆரின்ரையோ பிள்ளை. நான் வெள்ளையாக்கித் தாங்கோ எண்டு கேட்டனானோ?”

“எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் கேக்கிறவை...”

“நான் கேக்கேல்லையே.”

அவர் படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். முன்வரிசையின் ஓரத்தில் முழங்காலில் இருந்த ஒரு பையன் மேல் விரலை வைத்தார்.

“ஆரணிக்கெண்டாலும் கதைக்க நான் வந்திருக்கிறன். இவன் சோமாலிப் பிள்ளை. இவனுக்குப் பல்லு மட்டும்தான் தெரியுது. உள்ளுக்குப் போய்த் திருத்தேக்க இவனைப் பாத்தனீங்களோ?”

“பாக்கேல்லை” என்றேன். அன்று காலை நான் சொன்ன முதல் உண்மை அது.

அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டு, இரண்டு படங்களையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

முதலாளி, மிச்சப் பள்ளிகளின் பெட்டிகள் மத்தியானம் வான் வண்டியில் போக வேண்டும் என்று மட்டும் நினைவுபடுத்தினார். நான் மேசைக்குத் திரும்பி, முதல் தடவையாக, கிழக்குப் பக்கத்துப் பள்ளிகளின் படங்களைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து. ஒவ்வொரு வரிசையிலும் வெளிச்சமான பிள்ளைகளுக்கு நடுவில் சாம்பல் பிள்ளைகள். தமிழ், பாகிஸ்தான், சோமாலி, எரித்திரியா. அந்த மழைநாளில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துதான் நின்றிருக்கிறார்கள். அவர்களைப் பிரித்து நிறுத்தியது நான்.

அப்போதும் என் மூளை வழி தேடியது. வீட்டுக்குப் போன படங்களைப் பற்றி முறையிட்டவர் ஒருவர்தானே? மற்றவர்கள் கவனிக்கவில்லையோ என்னவோ? வான் வண்டியில் போக இருப்பவற்றை மட்டும் இரகசியமாகத் திருத்திவிட்டால்? இப்படி யோசித்துக்கொண்டே அடுத்த கோப்பைத் திறந்தேன். எல்லிங்ஸ்ருட். நாங்கள் குடியிருந்த இடம். ஒன்பதாம் வகுப்பு.

பின்வரிசையில் என் மகள் நின்றாள். படத்துக்காக முதல் நாள் இரவு தலைமயிரை நேராக்கச் சொல்லித் தாயோடு சண்டை பிடித்தவள். மயிர் நேராகத்தான் இருந்தது. முகம் ஈரச் சாம்பல். அவளுடைய வகுப்பையும் நான் ஓட விட்டிருக்கிறேன். பார்க்காமலே, பாண் கடித்துக்கொண்டு.

எழுந்து முதலாளியின் அறைக்குப் போனேன். மகளைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தச் சோமாலிப் பையனின் மேல் விரல் வைத்தபோதே எழுந்திருக்க வேண்டும். அவ்வளவு நல்லவனாக நான் இருக்கவில்லை.

“வான் வண்டியை நிறுத்துங்கள்” என்றேன். “அது நான் செய்த பிழை. போன படங்களும் திரும்பி வர வேண்டும்.”

“எத்தனை வகுப்பு?”

“தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.”

“பார்த்துவிட்டேன் என்று சொன்னாயே.”

“மூன்று வகுப்பு பார்த்தேன்.”

“எந்த மூன்று?”

கொண்டுவந்து காட்டினேன். அவர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் வெளிறிய முகங்கள் மட்டுமே, ஒரு கறுத்த பிள்ளைகூட இல்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். இருட்டறைக்காரர் அல்லவா, ஒரு அச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன். இத்தனை வருடமாகக் காலையில் கண்ணாடியில் தன் கறுத்த முகத்தைப் பார்த்து மழிக்கிறவனுக்கு இது தெரியாமல் போனதா?

“இந்த மூடுபனி தேவையா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“அப்படியானால் ஏன் போட்டாய்?”

“போடத் தெரிந்ததால் போட்டேன்.”

அவர் ஒரு முறை மூச்சு விட்டுத் தொலைபேசியை எடுத்து, முதல் பள்ளியை அழைத்தார். அன்று மாலைவரை ஒவ்வொரு பள்ளியையும் அவரே அழைத்தார். என்னிடம் பெற்றோருக்கான கடிதத்தை எழுதச் சொன்னார். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று ஆரம்பித்தேன். அவர் அந்த மூன்று சொல்லையும் பேனாவால் வெட்டிவிட்டு, மேலே எழுதினார்: ‘உங்கள் பிள்ளைகளின் படங்களை அனுப்பும் முன் நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை.’ கையொப்பம் அவருடையது. என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். “பார்த்தாயா என்று கேட்டதோடு நிறுத்தியது நான்” என்றார்.

மூடுபனியை எல்லாப் படங்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். கரி மரங்கள் கரி மரங்களாகவே நின்றன. மூன்று வாரம், ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பெயர்ப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்ணி எண்ணிப் பார்த்தேன். ரொம்சோஸ் வகுப்பை எத்தனை தடவை திறந்தேன் என்று கணக்கில்லை.

அந்தப் படத்தைத் தபாலில் அனுப்ப மனம் கேட்கவில்லை. ஆரணியின் தாயை அழைத்து, கொண்டுவந்து தரலாமா என்று கேட்டேன். “பின்னேரம் வாங்கோ” என்றார். மலைக்குள் குடைந்த சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, அடுக்குமாடிகளுக்கு நடுவே நடந்து போனேன். வழியில் ஒரு பேச்சுத் தயாரித்தேன். மன்னிப்பும் விளக்கமும் கலந்தது, கொஞ்சம் நீளம். பட்டைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி இருந்தது.

கதவைத் திறந்தவள் ஆரணி. மூன்று வாரமாக நான் பார்த்துக்கொண்டிருந்த முகம். திரையில் பார்த்ததைவிடச் சின்னது.

“அம்மா, படக்கார மாமா வந்திட்டார்!”

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ அண்ணை” என்று தாய் குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

“தங்கச்சி, அண்டைக்கு நான் உண்மை சொல்லேல்லை” என்று நின்ற இடத்திலேயே ஆரம்பித்தேன். “அது கம்ப்யூட்டர் இல்லை. நான்தான்.”

அவர் கை துடைத்துக்கொண்டே வந்தார். “தெரியும். அண்டைக்கே உங்கட முகத்தில தெரிஞ்சது. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

பேச்சின் மிச்சத்தை விட்டுவிட்டுச் சப்பாத்தைக் கழட்டினேன்.

ஆரணி உறையைக் கிழித்துப் படத்தை எடுத்தாள். தரையில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். நான் கதிரையின் நுனியில் இருந்தேன். அவள் மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக விரல் வைத்து எனக்கு அறிமுகம் செய்யத் தொடங்கினாள். “இது ஹென்றிக். இவன் எப்பவும் அழுவான். இது சாரா, என்ர பக்கத்து மேசை. இது எங்கட ரீச்சர். இவனுக்கு நாய்க்குட்டி இருக்கு.” விரல் இரண்டாவது வரிசைக்கு இறங்கியது. நான் முன்னால் குனிந்தேன். “இது நான். இது மரியே, இவவுக்கு முன்பல்லு விழுந்திட்டுது, அதைச் சாப்பாட்டோட விழுங்கிட்டா!” முன்வரிசையின் ஓரத்துக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். “இது அப்தி. படம் எடுக்கேக்க இவன்தான் எல்லாரையும் சிரிக்க வைச்சவன். பாருங்கோ, இப்பவும் சிரிக்கிறான்.”

‘இது நான்’ என்ற இடத்தில் அவள் விரல் நிற்கவேயில்லை. மரியேயின் விழுங்கிய பல்லைச் சொல்லும் அவசரத்தில் தன்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்தத் தொழிலில் இருந்தேன். அந்தப் பிள்ளையின் விரல் நிற்காமல் போன இடம்தான் நான் செய்த மிகச் சிறந்த வேலை. யாரிடமும் எடுத்துக் காட்ட முடியாது. காட்டினாலும், பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.